அப்பாவிடம் தள்ளிவிட்ட பொத்தான்கள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒருவர் மேல் ஒருவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள், வலி போய்விட்டது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே மாதத்தை ஓட்டிவிட்டார். ஆக வீடும் உடம்பும் இருக்கிறபடி இருக்கின்றன, வயிறுதான் எரிகிறது. டாக்டரிடம் காட்டுகிற எரிச்சல் இல்லை, பயப்படாதே. பொறாமை. யார் மேல் என்று கேட்டால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். உன் அப்பா மேல்தான். இதைப் போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். போன் என் கைக்கு எங்கே வருகிறது? வந்தாலும் அவர் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் அவர் கீழே கடையில் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டுக்கோ அடி மடித்துத் தைக்கிற நேரமாகப் பார்த்து, சமையலறை மேஜையில் இதை எழுதுகிறேன். மெஷின் சத்தம் கேட்கிறவரைக்கும் எழுதலாம், நின்றால் மூடி வைத்துவிடுவேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் நீ அப்பா கட்சிக்குப் போய்விடுவாய். நீங்கள் கல்யாணத்துக்கு இங்கே வந்திருந்த நாட்களில் மருமகள் என் பின்னாலேயே சமையலறைக்குள் வந்து நிற்பாளே, ஞாபகம் இருக்கிறதா. ஒரு தட்டை எடுத்துக் கொடுப்பாள், நான் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள், அதற்கு மேல் வழி இல்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்கள் விமானம் ஏறிப் போன பிறகு போனில் பேசலாம் என்றால் நடுவில் நீ. மழையில் படிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி, மாடி வீட்டுக்காரரின் ஒற்றைச் செருப்பு நம் வாசலுக்கு மிதந்து வந்து, அவர் ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு தேடி வந்த கதையை நான் மூச்சு விடாமல் சொன்னேன். நீ அதை ஒரு தும்மல் நீளத்துக்குச் சுருக்கி அவளிடம் சொன்னாய். அவள் ஓ என்றாள். அவ்வளவு பெரிய கதைக்கு ஒரே ஒரு ஓ! அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இவனை நம்பினால் ஆகாது, நானே நேராகப் பேசிக்கொள்கிறேன் என்று. நூலக மாடியில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது என்று அங்கே படிக்கிற பேக்கரிக்கார அம்மா சொன்னாள். போய் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாவைச் சேர்த்தது துணைக்குத்தான், வழியில் ரோடு தாண்ட வேண்டியிருக்கிறதே என்று. அவர் பேசுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உனக்குத் தெரியாதா அவரை? காலமெல்லாம் உதட்டில் குண்டூசியை வரிசையாகக் கவ்விக்கொண்டு தைத்த மனுஷர். நான் என்ன கேட்டாலும் ம் என்பார். சரி என்பதற்கும் ம், வேண்டாம் என்பதற்கும் ம். இந்த வீட்டில் பேச்சு என்றால் அது என் இலாகா, அதில் யாரும் கை வைத்ததில்லை.

வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடியில் பழைய பத்திரிகைகள் அடுக்கி வைத்திருக்கிற அறைக்குப் பக்கத்து அறை. ஜன்னலைத் திறந்தால் பஸ் சத்தம், மூடினால் புழுக்கம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள், ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் ஒளிந்துகொள்ள முடியாது. டீச்சர் ஒரு பெண், உன் வயது இருக்கலாம், குள்ளமாக, முடியைக் கத்தரித்துக்கொண்டு, அந்தப் புழுக்கத்திலும் எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பலகை பக்கம் போவதே இல்லை, நம்மோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். ஒரு கேள்வி கேட்பார், கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதைப் பார்க்க வேண்டுமே! வேறு வேலையே இல்லாத மாதிரி, நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சிரித்த மாதிரியும் இல்லாமல் கோபித்த மாதிரியும் இல்லாமல். நமக்குத்தான் உள்ளங்கை வேர்க்கும். தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்வதே இல்லை. கடிகாரம் ரிப்பேர் செய்கிற பெரியவர் எதையாவது கோணல்மாணலாகச் சொல்வார். அப்படியா, அப்புறம் என்ன ஆச்சு என்று டீச்சர் அதையே சரியாக்கித் திருப்பிக் கேட்பார். பெரியவரும் தான் திருந்தியது தெரியாமலே திருந்திவிடுவார். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் எல்லோருக்கும் சொல்லலாம் என்பார். என் பக்கத்தில் யார், உன் அப்பா. இங்கிலீஷில் பேசிக்கொள்ளச் சொன்ன நேரத்தில் நான் அவரிடம் தமிழில் குழாய்க்காரருக்குப் போன் பண்ணினீர்களா என்று கேட்டுக்கொண்டிருப்பேன், அவர் ம் என்பார்.

ஆரம்பத்தில் பஸ் டிரைவர் ஒருத்தர்தான் பேசினார். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திப் பழகிய தொண்டை, அவருக்கு வெட்கம் என்பதே கிடையாது. மற்றவர்கள் எல்லாம் தரையில் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி குனிந்தே இருந்தோம். டீச்சர் பார்த்தார். அப்பாவிடம் மிஞ்சிப்போன பொத்தான் டப்பா ஒன்று கேட்டு வாங்கினார். அடுத்த வகுப்பில் ஆளுக்கு மூன்று வெள்ளைப் பொத்தான், நடுவில் ஒரு தட்டு. ஒரு தடவை பேசினால் ஒரு பொத்தானைத் தட்டில் போட வேண்டும். பொத்தான் தீர்ந்துவிட்டால் அதற்கு மேல் மூச்சு விடக் கூடாது. எல்லார் பொத்தானும் தட்டுக்கு வந்து சேரும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பஸ் டிரைவர் முதல் மூச்சிலேயே மூன்றையும் தொலைத்துவிட்டு, மீதி வகுப்பு முழுக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனால் என் பொத்தான் என் மடியிலேயே இருந்தது. ஏன் என்று கேட்காதே, எனக்கே அவமானமாக இருக்கிறது. தமிழில் நான் வாயைத் திறந்தால் கடைக்காரர் தராசை வைத்துவிட்டுக் கேட்பார். அழுதுகொண்டிருக்கிறவளைச் சிரிக்க வைத்துவிடுவேன். அந்த வாயால் போய், நான் நல்லா இருக்கேன், இது நாற்காலி, அது ஜன்னல் என்று சின்னக் குழந்தை மாதிரி சொல்வதா? நாக்கு மேலே ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டுக்குப் போகிற நேரம் நெருங்குகிறது, எல்லோரும் என் மடியையே பார்க்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்து என் மூன்று பொத்தானையும் அப்பாவின் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். அவருடைய தொழில் புத்தி உனக்குத் தெரியும், சட்டையோடு சேர்த்துக் கொடுத்த பொத்தானைத் தைக்காமல் திருப்பிக் கொடுத்த சரித்திரமே அவருக்கு இல்லை. நீ என்ன நினைப்பாய், அவரும் எனக்கே திருப்பித் தள்ளிவிடுவார் என்றுதானே? இல்லையப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டார், ஓட்டை இங்கிலீஷில் பேசினார். தன்னுடைய மூன்றுக்கும் பேசினார், என்னுடைய மூன்றுக்கும் பேசினார்.

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வகுப்பிலும் நான் தள்ளுவேன், அவர் பேசுவார். நாம்தான் சாமர்த்தியசாலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், என் வாயை எடுத்து அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பேசினால் யாருக்குத்தான் வராது? யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகவே தைத்துக் கொடுத்த கதையைச் சொன்னார், வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை புரியும், மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் நானும் சிரித்துவைப்பேன். பேக்கரிக்கார அம்மாதான் காதோடு காதாகத் தமிழில் சொல்வாள். ஒரு நாள் டீச்சர் சின்ன வயதில் பயந்துபோன ஒரு நாளைப் பற்றிக் கேட்டார். இவர் ஏழு வயதில் பஸ் நிலையத்தில் தொலைந்துபோய், சாயங்காலம்வரை ஒரு தையல்காரரின் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்திருந்ததாகவும், அந்த மிதிகட்டை ஆடுகிற சத்தத்தில் அழுகை நின்றுவிட்டதாகவும், அதனால்தான் தையல்காரர் ஆனதாகவும் சொல்லியிருக்கிறார். பேக்கரிக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்குச் சொல்கிறாள். எனக்கு, அவர் பெண்டாட்டிக்கு! கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மெஷின் சத்தத்துக்கு மேலேதான் நான் குடியிருக்கிறேன், எனக்குத் தெரியாதது பஸ் டிரைவருக்குத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிடித்துக்கொண்டேன். "நீ கேக்கலையே, அவங்க கேட்டாங்க" என்றார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்களாம். எனக்கு வந்த கோபத்தில் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, டீச்சர் மேலும்தான். இத்தனை காலம் இந்த மனுஷரோடு குடித்தனம் நடத்தியவள் நான், பேச வைத்த பெயர் அந்தப் பெண்ணுக்கா?

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைப் போனைத்தான் பொறுக்க முடியவில்லை. நீ போனை அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாய். இங்கே அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறார், சிரிக்கிறார், கையை ஆட்டுகிறார், போனில் கை தெரியுமா என்ன. அந்தப் பக்கம் அவள் சிரிப்பது எனக்கே கேட்கிறது. நான் கைத்துண்டும் கையுமாகச் சமையலறைக் கதவில் நிற்பேன். முடிந்ததும் என்ன சொன்னாள் என்று கேட்டால் வெட்டிப்போட்ட துணித் துண்டு மாதிரி ஒரு துண்டுச் செய்தி வரும். தையல் மெஷின் வாங்கியிருக்கிறாளாம். முடி வெட்டிக்கொண்டாளாம். வேலையில் மேலதிகாரி சரியில்லையாம். சரியில்லை என்றால் என்ன செய்கிறான், இவள் என்ன சொன்னாள், சாப்பிடாமல் இருக்கிறாளா, தூங்குகிறாளா, ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். மெஷினுக்கு நூல் கோப்பதைத்தான் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்திருப்பார். உலகத்தில் மாமியாரும் மருமகளும்தானப்பா பேசிக்கொள்வார்கள், சண்டை போடுவதானாலும் அவர்கள்தானே போடுவார்கள். மாமனார் நடுவில் புகுந்து மருமகளைத் தட்டிக்கொண்டு போன அநியாயத்தை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? எனக்கென்று வந்த ஒரே மருமகள். போன் என் முறைக்கு வரும்போது நான் யெஸ் யெஸ், குட் குட் என்று சொல்லிவிட்டு, உள்ளே ஏதோ அடுப்பில் இருக்கிற மாதிரி நடித்து, போனை அவரிடமே தள்ளிவிடுவேன். பொத்தானைத் தள்ளின மாதிரியே.

போன ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்துவிட்டு அப்பா நேரே சமையலறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவர் அப்படி வந்து உட்காருகிற ஆள் இல்லை, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். "அவ மனசுல ஒண்ணு வெச்சிக்கிட்டிருக்கா. உனக்கு அவளைப் பிடிக்கலைன்னு நினைக்கிறா" என்றார். "யெஸ் யெஸ்னு சொல்லிட்டு ஓடிடறியாம். கல்யாணத்தப்பவும் சும்மா சிரிச்சியே தவிர ஒரு வார்த்தை பேசலையாம். எல்லார்கிட்டயும் அவ்வளவு பேசறவங்க என்கிட்ட மட்டும் ஏன் பேச மாட்டேங்கறாங்கன்னு கேக்கறா" என்றார். என் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டின மாதிரி இருந்தது. வாய் கிழியப் பேசுகிறீர்களே, அப்படியெல்லாம் இல்லை என்று நீங்கள் சொல்லக் கூடாதா என்று அவர் மேல் பாய்ந்தேன். "சொன்னேன். நான் சொன்னா அது நான் சொன்னதாத்தானே இருக்கும்" என்றார். அவள் மனக்குறையைக்கூட அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள் பார், அந்த எரிச்சல் ஒரு பக்கம். தன்னைப் பிடிக்காத மாமியார் என்று ஒருத்தி தூர தேசத்தில் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாளே, அது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து அன்றைக்குப் பாலைப் பொங்கவிட்டேன், கையைச் சுட்டுக்கொண்டேன், அடுப்பைத் துடைத்துக்கொண்டே அழுதேன். அப்பா பர்னால் தடவிவிட்டார். பேசவில்லை. அப்போது மட்டும் பேச மாட்டார்.

அடுத்த வகுப்புக்குப் போனால் டீச்சர் என் நாற்காலியைத் தூக்கி வட்டத்தின் அந்தப் பக்கம் போட்டிருக்கிறார். அப்பா இந்தக் கோடி, நான் அந்தக் கோடி. எல்லோருக்கும் வழக்கம் போல வெள்ளைப் பொத்தான் கொடுத்தார். என் கையில் மட்டும் மூன்று சிவப்புப் பொத்தான், பெரிய கோட்டுப் பொத்தான். யார் பக்கம் தள்ளினாலும் காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை நாளும் டீச்சருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒருத்தர் முன்னாலும் என்னைத் தலைகுனிய வைக்கவில்லை. அதில்தான் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி போயிற்று. மீதிப் பாதியை வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் சொன்னது, நீங்கள் பேச நினைத்தும் பேச முடியாத ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று. கடிகாரப் பெரியவர் தம்பியைப் பற்றிச் சொன்னார், பேக்கரிக்கார அம்மா கூடப் படித்தவளைப் பற்றிச் சொன்னாள், பஸ் டிரைவர்கூட அன்றைக்கு மெல்லப் பேசினார். தட்டு முழுக்க வெள்ளையாக இருக்கிறது. எல்லோரும் பேசி முடித்தாகிவிட்டது, நான் மட்டும் பாக்கி. டீச்சர் சும்மா இருந்தார். பஸ் டிரைவர் எனக்கு உதவி செய்ய வாயைத் திறந்தார், டீச்சர் ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டார். கீழே ஒரு பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. உன் அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

நான் பேசினேன். மை சன், ஒய்ஃப் என்று ஆரம்பித்து நின்றேன், ஒருவரும் அசையவில்லை. ஐ லைக் ஹெர் என்றேன். ஒரு பொத்தானைப் போட்டேன். தமிழ், ஐ டாக், டாக், டாக். இங்கிலீஷ், ஐ ஃபியர் என்றேன். இரண்டாவதையும் போட்டேன். அவ்வளவுதான், சிரிக்காதே, எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. யாரும் கை தட்டவில்லை. டீச்சர், ஆமாம், எனக்கும் ஒரு மொழியில் அப்படித்தான் இருக்கும் என்று இங்கிலீஷில் சொன்னார், அது எனக்குப் பேக்கரிக்கார அம்மா சொல்லாமலே புரிந்தது. மூன்றாவது பொத்தானை மட்டும் கைக்குள் மூடிக்கொண்டு, இது இங்கே போடுவதற்கு இல்லை என்று தலையை ஆட்டினேன். எல்லாப் பொத்தானும் தட்டுக்கு வராமல் ஒருவரையும் விடாதவர், சரி போங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா, "இன்னிக்கு எனக்கு மூணே மூணுதான் கிடைச்சுது" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் பொறாமையைப் பார்த்தபோது எனக்கு வயிறு எவ்வளவு குளிர்ந்தது என்று உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

மெஷின் நின்றுவிட்டது. சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. இது கிடைத்தது என்று நீ சொன்னதும், அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் முதலில் பேசுவேன். அப்பாவைக் கடையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். நீயும் நடுவில் வராதே. நான் சொல்லாததை எல்லாம் அழகாக்கிச் சொல்லாதே, சொன்னதைத் தும்மல் அளவுக்குச் சுருக்காதே. அறையை விட்டே வெளியே போய்விடு. மூன்றாவது பொத்தானை மேஜை மேல் வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்று உனக்கு எழுத மாட்டேன், எழுதினால் நீ முந்திக்கொண்டு அவளிடம் சொல்லிவிடுவாய், உன் அப்பாவின் பிள்ளைதானே.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க வேண்டும். அவள் மேலதிகாரியைப் பற்றி விசாரி, நூல் கோப்பதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்காதே. சட்டைக்குக் கழுத்துப் பட்டன் போட்டுக்கொள், அங்கே குளிர் என்கிறார்கள். அவளிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும் ரொம்ப நேரம் சத்தமே கேட்காது. லைன் போய்விட்டது என்று வைத்துவிட வேண்டாம். அந்தப் பக்கம் நான்தான் இருக்கிறேன்.

உங்கள் இருவருக்கும்,
அம்மா